விரித்த கை

2021 பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தேன். கொரோனாவால் அலுவலகமே வீட்டுக்கு வந்துவிட்ட காலம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி உட்கார்ந்தால்தான் இணையம் ஒழுங்காகக் கிடைக்கும். அதனால் வேலை, அரட்டை, பாதி நாள் சாப்பாடு எல்லாமே மாடியில்தான்.

அந்த ஜனவரி முதல் வாரத்தில்தான் வாட்ஸப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுவதாக எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பியது. பிப்ரவரி 8க்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கெடுவை மே 15க்குத் தள்ளிவைத்தார்கள். சித்தப்பாவிலிருந்து பால் ஊற்றுகிறவர் வரை எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இன்னாப்பா இது, ஓகே குடுக்கலாமா, வேணாமா?" ஊரில் ஒரு சாஃப்ட்வேர் பையன் இருந்தால் அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கலைத்ததில்லை.

எனக்கு இது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது. கல்லூரிக் காலத்திலிருந்தே கட்டற்ற மென்பொருள் பைத்தியம் உண்டு. மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் மேட்ரிக்ஸ் என்ற கட்டற்ற உரையாடல் அமைப்பை நிறுவினேன். குடும்பத்துக்கு ஒரு அறை, கிரிக்கெட் டீமுக்கு ஒன்று, பள்ளிக்கூட நண்பர்களுக்கு ஒன்று. காணும் பொங்கல் ராத்திரி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் மாடியில் கூடியிருந்தபோது ஒரு பிரசங்கமே செய்தேன். விளம்பரம் கிடையாது, உளவு கிடையாது, முதலாளி கிடையாது. "இது நம்ம இடம். எந்தக் கம்பெனிக்காரனும் எட்டிப் பாக்க முடியாது."

சித்தப்பா மகள் அப்போது காஞ்சிபுரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"சரிண்ணா. கம்பெனிக்காரன் பாக்க முடியாது. நீ பாக்கலாமா?"

நான் சிரித்தேன். "நான் எதுக்கும்மா பாக்கப்போறேன்?"

"பாப்பியான்னு கேக்கல. பாக்க முடியுமான்னு கேட்டேன்."

ஏதோ சொல்லி மழுப்பினேன். அன்று பன்னிரண்டு பேர் என் சர்வரில் கணக்குத் தொடங்கினார்கள். அவள் தொடங்கவில்லை. போனில் இடமில்லை என்றாள். அந்தக் கேள்விக்கு நான் அன்றைக்கே நேர்மையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்துத்தான் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று முடிவுசெய்ததும் அவள்தான்.

*

முதலில், பெருநிறுவனத் தளங்களை விட்டு வெளியேற வேண்டும் என்று ஏன் நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரணங்கள் இன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் படுகின்றன.

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு அண்ணன் டிராக்டர் மேல் உட்கார்ந்து பழைய பாட்டுக்கு வாயசைப்பார். அவருக்கு மொழி தெரியாத ஊரிலெல்லாம் ரசிகர்கள் இருந்தார்கள். ஒரே ராத்திரியில் எல்லாம் போயிற்று. தடை சரியா தப்பா என்பது வேறு வழக்கு. அவரைப் பின்தொடர்ந்தவர்களில் ஒருவருக்குக்கூட "நான் இனிமே இங்க இருப்பேன்" என்று சொல்ல அவருக்கு வழியில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. இரண்டு வருட உறவுகள் எல்லாம் இன்னொருவர் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தன.

அதற்கு முந்தைய வருடம், 2019 அக்டோபரில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஜி வணக்கம் செய்யும் கூட்டத்துக்கு நடுவே கைகட்டி நின்ற ஒரு ஜெர்மானியத் தொழிலாளியின் பழைய புகைப்படத்தை அவர் வைத்திருந்தார். அதை வெறுப்புப் படம் என்று ட்விட்டர் வகைப்படுத்தியது. பாசிசத்தை மறுத்தவனின் படம் அது என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. அதைத் தொடர்ந்து இந்தியாவிலிருந்து ஒரு பெருங்கூட்டம் மாஸ்டடானுக்குப் போனது. நானும் போனேன். பெரும்பாலானோர் சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். நானும் பாதி திரும்பினேன்.

மாஸ்டடான், மேட்ரிக்ஸ் போன்றவற்றின் அடிப்படை நமக்குப் பழகியதுதான். மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு நிறுவனத்தில் முகவரி, எனக்கு வேறொன்றில். ஆனாலும் கடிதம் போய்ச் சேர்கிறது. மொழி பொது, வீடு அவரவருடையது. நிர்வாகி பிடிக்கவில்லை என்றால் வேறு வீட்டுக்குப் போகலாம். தெருவோடு உறவு அறுந்துவிடாது. வாட்ஸப்பே தொடக்கத்தில் இப்படிப்பட்ட ஒரு பொது மொழியை, எக்ஸ்எம்பிபியை, தனக்கேற்றபடி மாற்றி எழுந்த கட்டடம்தான். கூகுள் டாக்கும் அந்த மொழியைப் பேசியது. 2006 முதல் வெளி சர்வர்களோடும் பேசவிட்டது. 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்த வாசலை அடைத்தார்கள். கூட்டம் சேரும்வரை வாசல் திறந்திருந்தது, சேர்ந்ததும் மூடிக்கொண்டது.

அந்த 2021 கொள்கை மாற்றமும் சாதாரண விஷயம் இல்லை. அதற்காகவே இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆணையம் ஆட்சேபித்த ஒன்று இது: 'ஒத்துக்கொள், அல்லது வெளியே போ' என்று கேட்டது. வெளியே போக வேறு இடமில்லாதவனிடம் அப்படிக் கேட்பது கேள்வியே அல்ல.

என் அம்மாவுக்கு அப்படி வேறு இடம் கிடையாது. மகளிர் குழு, ரேஷன் கடையில் பாமாயில் வந்த சேதி, நூறு நாள் வேலை நடக்கும் இடம், கோயில் கூழ் ஊற்றும் தேதி, எல்லாம் வாட்ஸப்பில்தான். நான் வெளியேறலாம். எனக்குச் சம்பளம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, போகிற இடத்தில் என்னைப் போலவே நாலு பேர் இருக்கிறார்கள். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் எழுதிய ஒரு புத்தகத்தில், ஓர் அமைப்பு கெடும்போது மனிதர்களுக்கு இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று வெளியேறுவது, இன்னொன்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பது. தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள்தான் முதலில் வெளியேறுவார்கள் என்பதும், அதனால் உள்ளே மிஞ்சுபவர்களின் குரல் இன்னும் தேய்ந்துபோகும் என்பதும் அவர் காட்டிய சிக்கல்.

ஊரை விட்டுப் போய்ச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஏரி கெட்டுவிட்டதே என்று புலம்புகிற எனக்கு இது நன்றாகவே புரிந்தது. அதனால்தான் தனியாகப் போகாமல், ஊரையே கூட்டிக்கொண்டு போகலாம் என்று சர்வரைத் தொடங்கினேன். தப்பு அதற்கு அடுத்த படியில் நடந்தது.

*

"நீ பாக்க முடியுமா?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் இதுதான்.

தனிச் செய்திகளை என்னால் படிக்க முடியாது. அனுப்புகிறவர் போனில் பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கும். வாட்ஸப்பும் 2016இலிருந்து இதைத்தான் செய்கிறது. ஆனால் குழு அறைகளில் நான் அந்தப் பூட்டைப் போடவில்லை. போன் மாற்றினால் பழைய செய்திகள் திறக்காமல் போய்விடுகிறது, பெரியவர்கள் குழம்புகிறார்கள் என்று வசதிக்காக விட்டுவிட்டேன். ஆகவே அந்த அறைகளில் எழுதிய ஒவ்வொரு வரியும் நான் நினைத்தால் படிக்கக்கூடியதாக என் சர்வரில் கிடந்தது. நான் படித்ததில்லை. ஆனால் அவள் கேட்டது அதுவல்ல.

அதைவிட முக்கியமானது ஒன்று. பூட்டிய செய்திகளிலும் என்ன பேசினார்கள் என்பதுதான் தெரியாது. யார் யாரோடு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்பதெல்லாம் சர்வருக்குத் தெரியும். தெரியாமல் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. தொழில்நுட்பக் கட்டுரைகளில் இதை மெட்டாடேட்டா என்று ஒரு உலர்ந்த சொல்லால் கடந்துவிடுவார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அந்தச் சொல் தேவையில்லை. "ராத்திரி பதினோரு மணிக்கு யார்கிட்டடி பேசிட்டிருக்க?" என்று ஒரு பெண்ணிடம் கேட்கிறார்களே, அதுதான் மெட்டாடேட்டா. என்ன பேசினாள் என்று யாரும் கேட்பதில்லை. யாரோடு என்று தெரிந்தால் போதும்.

அவள் அந்த வருடம் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தாள். வேறு சாதி. 2024இல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பிறகுதான் எனக்கே தெரியும். இதற்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் கடைத்தெருவில், பட்டப்பகலில், கௌசல்யாவின் கண் முன்னால் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அந்தக் காணொளியை எங்கள் ஊர்ப் பையன்களும் வாட்ஸப்பில்தான் பார்த்தார்கள். என் தங்கையும் பார்த்திருப்பாள்.

இப்போது அவள் இடத்திலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனி. அவள் யாரோடு பேசுகிறாள் என்று அதற்கும் தெரியும். அதை வைத்து அவளுக்குச் செருப்பு விளம்பரம் காட்டக்கூடும். ஆனால் அந்தக் கம்பெனி அவள் பெரியப்பாவோடு டீக்கடையில் உட்காராது. இன்னொரு பக்கம் நான். அவள்மேல் பாசமுள்ள அண்ணன். அந்தப் பெரியப்பா என் அப்பாதான். எது அபாயம்?

தனியுரிமை பற்றி நாங்கள், மென்பொருள்காரர்கள், பேசும்போது எப்போதும் தூரத்து எதிரியைத்தான் கற்பனை செய்கிறோம். பெருநிறுவனம், அரசாங்கம், உளவுத்துறை. அவை கற்பனை இல்லை, நிஜம்தான். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னபோது நாங்கள் கொண்டாடினோம். ஆனால் நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்தரங்கத்தைப் பறிப்பவர் அதே கூரைக்குக் கீழேதான் இருக்கிறார். அவர்களுக்கு 'உள்ளூர் சர்வர்' என்ற சொல் ஆறுதலாகக் கேட்காது.

நான் மாடியில் சொன்ன "நம்ம இடம்" என்ற சொல்லையும் யோசித்துப் பார்த்தேன். தமிழில் நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி, நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. இலக்கணத்தில் சுத்தமான பிரிவு. ஆனால் பேச்சில் 'நம்ம ஆளுங்க' என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். சேர்த்துக்கொள்ளும் சொல்லே வேலியாகவும் ஆகிவிடுகிறது. என் சர்வரில் இருந்த பன்னிரண்டு பேரும் ஒரே தெரு. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. கிரிக்கெட் டீமில் இன்னொரு பகுதிப் பையன்கள் நாலு பேர் உண்டு. அவர்களும் பிறகு சேர்ந்தார்கள், ஆனால் எழுதியதே இல்லை. சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

*

இந்த விவாதம் கணினிக்கும் முந்தையது. அதிகாரத்தைப் பரவலாக்கி ஊர்களின் கையில் கொடுப்பதா என்று இந்தியா ஏற்கெனவே சண்டை போட்டிருக்கிறது.

காந்திக்கு கிராமம்தான் சுயராஜ்யத்தின் அலகு. தன் தேவையைத் தானே பார்த்துக்கொண்டு, அண்டை ஊர்களோடு தேவைக்குச் சேர்ந்து வாழும் சிறு குடியரசு. இன்று மாஸ்டடானை விளக்கும் கட்டுரைகளைப் படித்தால் காந்தியின் குரல் கேட்கும். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பு வரைவை முன்வைத்துப் பேசியபோது, கிராமத்தைக் குறுகிய மனதுக்கும் அறியாமைக்கும் இருப்பிடம் என்ற பொருளில் சாடினார். வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார்.

கல்லூரியில் படிக்கும்போது இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். சர்வர் நடத்தியபோதுதான் இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள் என்று பட்டது. தூரத்து அதிகாரத்திடம் எப்படி அடிமையாகாமல் இருப்பது என்பது காந்தியின் கேள்வி. பக்கத்து அதிகாரத்திடமிருந்து எப்படித் தப்புவது என்பது அம்பேத்கரின் கேள்வி. முதல் கேள்விக்கு மட்டும் விடை கண்டுபிடித்துவிட்டு நான் மாடியில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

1992இல் நிறைவேறிய 73ஆவது திருத்தம் பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்பு அந்தஸ்து கொடுத்தபோது, கூடவே பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீட்டையும் கட்டாயமாக்கியது. அதிகாரம் ஊருக்குப் போகட்டும், ஆனால் ஊரின் பழைய கையிலேயே போய்ச் சேரக்கூடாது என்ற எச்சரிக்கை அது. அப்படியும் மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர் ஒருவர் முறையாகப் பொறுப்பில் அமர 2006 வரை ஆயிற்று. அதிகாரத்தை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டாலே அது எல்லோருக்கும் கிடைத்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

*

உத்திரமேரூர்க்காரன் இந்த இடத்தில் கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் எங்களை வருடாவருடம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வரிசையாகக் கூட்டிப்போவார்கள். உலக ஜனநாயகத்தின் தொட்டில் நம்ம ஊரு என்று வாத்தியார் சொல்வார், நாங்கள் வெயிலில் நெளிவோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இதைக் குறிப்பிட்டார். பெருமை போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது. என் தங்கையின் கேள்விக்குப் பிறகு நான் போய்ப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், சபையார் பொறித்த விதிகள் அவை. ஊரில் 30 குடும்புகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் முதல் பெரியவர் வரை சபையார் எல்லோரும் கூடியிருக்க, மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். அவன் படித்த பிறகு அங்கிருக்கும் நம்பிகள் எல்லோரும் அதையே படிக்க வேண்டும். முந்தைய மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய உறவினர்களும் தகுதி இழப்பார்கள்.

இந்த விதிகள் நல்லவரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே, தேர்வு நடத்துகிறவர் திருடுவதைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கின்றன. ஏன் ஐந்து விரலும் விரிந்திருக்க வேண்டும்? கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கலாம் என்பதால்தானே. அவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஊரே மதிப்பவராக இருக்கலாம். இருக்கட்டும், கையை விரி. இது அவமானம் இல்லை. 'பாப்பியா' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'பாக்க முடியுமா' என்ற கேள்வியைக் கேட்ட விதி இது. ஆயிரத்து நூறு வருடம் கழித்து ஒரு பெண் கரும்பு தின்றுகொண்டே என்னிடம் கேட்டது இதைத்தான்.

இதே கல்வெட்டின் இன்னொரு பாதியையும் சொல்லியாக வேண்டும். அது ஒரு பிராமண சபை. குடத்தில் பெயர் விழ, வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவர்கள் பெயர் குடத்தில் இல்லை. பெண்கள் பெயர் இல்லை. உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருக்க அவ்வளவு நுட்பமாக யோசித்தவர்கள், வெளியே இருந்தவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. என் சர்வரின் பன்னிரண்டு பேர் ஒரே தெருவாக இருந்ததையும் நான் இங்கேதான் முதல்முறையாக எண்ணிப் பார்த்தேன்.

*

கையை விரிப்பது என்றால் மென்பொருளில் என்ன? 2016இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காக சிக்னல் செயலியிடம் இரண்டு எண்களைப் பற்றிய தகவல்களைக் கேட்டார்கள். சிக்னலில் கணக்கு இருந்த எண்ணுக்கு அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்தான். கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். மற்றதை அவர்கள் மறைக்கவில்லை. அவர்களிடம் இருக்கவே இல்லை.

சிக்னல் பரவலாக்கப்பட்ட அமைப்பு இல்லை. ஒரே அறக்கட்டளை நடத்தும் மையமான சேவை. கைகளைத் தானே கட்டிக்கொண்ட அந்த மையம், கைகள் கட்டப்படாத என் சின்ன சர்வரைவிட என் தங்கைக்குப் பாதுகாப்பானது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது. பரவலாக்கம் என்பதையே அறமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது அறத்துக்கு ஒரு வாய்ப்பு மட்டும்தான்.

அப்படியானால் எல்லோரும் சிக்னலுக்குப் போய்விட்டால் போதாதா? தனிப்பேச்சுக்கு அது போதும் என்றே இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் ஒரு ஊர், ஒரு வாசகர் வட்டம், ஒரு சங்கம் கூடிப் பேச ஒரு திண்ணை வேண்டும். அது நாளைக்கு விற்கப்படக்கூடாது, ஒரு ராத்திரியில் மறையக்கூடாது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். அதற்கு நமக்கென்று சர்வர்கள் வேண்டும். இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்திலிருந்து வந்த நண்பர்கள் பிரவ் என்றொரு உரையாடல் செயலியைத் தொடங்கியிருக்கிறார்கள். அதைக் கூட்டுறவுச் சங்கமாக, பயன்படுத்துகிறவர்களே உறுப்பினராக இருந்து முடிவெடுக்கும் அமைப்பாக ஆக்குவதுதான் அவர்கள் நோக்கம். பால் சொசைட்டி நடக்கிற ஊர்களில் இந்த யோசனை புரியாமல் போகாது.

இதில் உழைப்பும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இளைஞர்களை அழைப்பது ஏமாற்று. எங்கள் ஏரிக்குக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது. ஏரியை வெட்டுவது ஒரு தடவை. தூர்வாருவது வருடாவருடம். சர்வரும் அப்படித்தான். நள்ளிரவில் வட்டு நிறைந்து நின்றுபோகும். புதுப்பிக்காவிட்டால் ஓட்டை விழும். அறையில் ஒருவன் ஆபாசம் போட்டால் யாராவது ஒருவர் அதைக் கண்ணால் பார்த்துத்தான் நீக்க வேண்டும். 2022இல் ட்விட்டர் கைமாறி, மாஸ்டடானுக்குக் கூட்டம் வரத் தொடங்கிய அந்த அக்டோபரில்தான், அங்கே ஆயிரக்கணக்கானோர் இருந்த ஒரு சர்வரை நடத்தியவர் குடும்பச் சூழலால் தன்னால் முடியவில்லை என்று மூடுவதாக அறிவித்தார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. பெருநிறுவனங்கள் இந்த வேலையை இலவசமாகச் செய்து தந்ததாக நினைத்தோம். தூர்வாரும் வேலையிலிருந்து நமக்கு விடுதலை கொடுத்துவிட்டு, ஏரியை அவர்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள்.

*

திருமணத்துக்குப் பிறகு ஒருநாள் அவளும் கணவரும் இருக்கும் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவர்கள் இன்னும் முழுதாகப் பேசவில்லை. என் அப்பாவும்தான். டீ குடித்துவிட்டுக் கேட்டேன், அன்றைக்கு நிஜமாகவே போனில் இடமில்லையா என்று.

"இடம் இருந்துச்சு. நீ பாக்க மாட்டேன்னு தெரியும்ணா. ஆனா பெரியப்பா உன்ன உக்கார வெச்சுக் கேட்டா நீ என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது. நான் நல்லவனாகவே இருந்திருக்கலாம். அப்பாவின் கண்ணீருக்கு முன்னால் எத்தனை நிமிடம் நல்லவனாக இருந்திருப்பேன்? என்னிடம் இல்லாத ஒன்றை மட்டும்தான் என்னிடமிருந்து யாராலும் வாங்க முடியாது.

மடிக்கணினியைத் திறந்து நிர்வாகித் திரையை அவள் பக்கம் திருப்பினேன். மூன்று வருடத்தில் யாருக்கும் நான் அதைக் காட்டியதில்லை. பெயர்கள், அறைகள், கடைசியாக வந்த நேரம், எந்தக் கருவி, எந்த இணைய முகவரி. அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "இவ்ளோ தெரியுதா?" என்றாள். தெரிகிறது என்றேன். கிரிக்கெட் டீம் அறையில் அந்த நாலு பேர் பெயருக்கு எதிரே ஒரு செய்திகூட இல்லாததை அவள்தான் கவனித்தாள். "இவங்களுக்கும் இதே டவுட் இருந்திருக்கும்" என்றாள்.

அதற்கப்புறம் சில காரியங்கள் செய்தோம். எல்லா அறைகளுக்கும் பூட்டுப் போட்டேன். பழைய செய்திகள் திறக்கவில்லை என்று வந்த புகார்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். பூட்டில்லாத காலத்தில் எழுதியவற்றை, எல்லோரிடமும் சொல்லிவிட்டு அழித்தேன். இணைய முகவரிப் பதிவுகளை ஒரு நாளுக்கு மேல் வைப்பதில்லை. நிர்வாகி என்ன பார்க்க முடியும், என்ன பார்க்க முடியாது என்று ஒரு பக்கத் தமிழில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறேன். மூன்று நிர்வாகிகள், வருடத்துக்கு ஒருவர் மாறுவோம். அந்த நாலு பேரில் ஒருவர் இப்போது நிர்வாகி. வாடகை எவ்வளவு, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு மாதாமாதம் பொது அறையில் வருகிறது. இப்போது முப்பத்தொரு பேர் இருக்கிறோம். பெரிய எண்ணிக்கை இல்லை.

யாரோடு யார் என்பதை மட்டும் இந்த அமைப்பில் முழுதாக மறைக்க முடியாது. அதையும் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், முதல் வரியாகவே.

அவளுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பினேன், வாட்ஸப்பில்தான். முழுதும் படித்துவிட்டுப் பதில் போட்டாள்.

"நல்லா எழுதியிருக்கண்ணா. அந்த மொத வரி மாறினா சொல்லு. வர்றேன்."